கண்ணகிக்கு மானா பார் எதற்கு?

தமிழில் ஃபேன்டஸி எழுதுகிற, கேம் செய்ய ஆசைப்படுகிற நண்பர்கள் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: "நம்ம கதைகள்ல மேஜிக் இருக்கு, ஆனா சிஸ்டம் இல்ல." அதற்கு அவர்கள் வைத்திருக்கும் வைத்தியம்தான் என்னைக் கடுப்பேற்றுகிறது. கருப்பசாமிக்கு ஒரு ஸ்கில் ட்ரீ. கண்ணகிக்கு நீல நிறத்தில் ஒரு மானா பார். அது நிரம்பியதும் 'மதுரை எரிப்பு' என்றொரு அல்டிமேட். பின்னணியில் உறுமியை அடித்துவிட்டால் தமிழ் ஃபேன்டஸி ரெடி!

மதுரையில் வளர்ந்த ஒருத்தியாக இதை மறுக்கிறேன். சிஸ்டம் இருக்கிறது. நீங்கள் விளையாடிப் பழகிய சிஸ்டம் அது இல்லை, அவ்வளவுதான்.

பழகியது எங்கிருந்து வந்தது? 1974-இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மந்திரவாதி ஒரு மந்திரத்தை மனதில் ஏற்றிக்கொள்வார். சொல்லி முடித்ததும் அது மறந்துபோகும். கேரி கைகாக்ஸ் இந்த யோசனையை 1950-இல் வந்த ஜாக் வான்ஸின் 'டையிங் எர்த்' கதைகளிலிருந்து எடுத்தார். மானாவின் கதை இன்னும் வேடிக்கை. அது பசிபிக் தீவு மக்களின் சொல். ஒருவருக்கு இருக்கும் மதிப்பு, அதிகாரம், கண்ணுக்குத் தெரியாத ஆற்றல் எல்லாம் அதில் கலந்திருக்கும். காட்ரிங்டன் என்ற மிஷனரி மெலனீசியர்கள் பற்றி 1891-இல் எழுதிய நூல் அதை மேற்கில் பிரபலமாக்கியது. 1969-இல் லாரி நிவன் ஒரு சிறுகதையில் அதைத் தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும் வளமாக மாற்றினார். கேம்கள் அதைக் குப்பியில் அடைத்து விற்றன.

ஸ்லாட்டோ மானாவோ, கேட்கிற கேள்வி ஒன்றுதான்: உன்னிடம் எவ்வளவு மிச்சம் இருக்கு? பெட்ரோல் டேங்க் கணக்கு. தூங்கி எழுந்தால் ஃபுல் ஆகிவிடும்.

மதுரை கேட்கிற கேள்வி வேறு: உனக்கு என்ன உரிமை? யார் சாட்சி?

சிலப்பதிகாரத்தைக் கதையாக மட்டும் படிக்காமல் விதிப்புத்தகமாகப் படித்துப் பாருங்கள். கண்ணகி எடுத்ததும் நெருப்பை ஏவவில்லை. முதலில் சூரியனிடம் கேட்கிறாள், என் கணவன் கள்வனா என்று. இல்லை என்று பதில் வருகிறது. பிறகு அரசவை. சிலம்பை உடைக்கிறாள், தேவியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம். வழக்கு நிரூபணமாகி, பாண்டியன் தன் வாயாலேயே தன்னைக் கள்வன் என்று சொல்லி உயிர் விடுகிறான். அதற்கு அப்புறம்தான் மந்திரம். நகரை மூன்று முறை வலம் வருகிறாள். இடமுலையைத் திருகி எறிகிறாள். அக்கினி வந்து நின்று, யார் யாரை விட்டுவிடுவது என்று கேட்கிறான். இந்த நகரை எரிக்கத் தனக்கு முன்பே ஓர் ஆணை உண்டு என்றும் சொல்கிறான்.

சாட்சி, தீர்ப்பு, சடங்கு, விலை, இலக்கு. இது சிஸ்டம் இல்லையென்றால் வேறு எது? கொடுத்த விலையோ திரும்பி வராதது. லாங் ரெஸ்ட் எடுத்துவிட்டு அடுத்த ஊரையும் கண்ணகியால் எரிக்க முடியாது. பதினான்கு நாளில் அவளே இந்த மண்ணில் இல்லை.

இன்னொன்று அழகர்கோவில். அங்கே பதினெட்டாம்படிக் கருப்புக்குச் சிலை கிடையாது. சந்தனம் பூசிய பெரிய கதவுதான் சாமி. மலையாள நாட்டிலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக வந்தார்கள், பிடிபட்டுப் படிகளின் கீழே புதைக்கப்பட்டார்கள், கூட வந்த கருப்பு காவலாக நின்றுவிட்டது என்பது வழங்கிவரும் கதை. மை பூசி மறைந்திருந்தவர்கள், படையல் சோற்றின் ஆவியில் மை கரைந்து மாட்டிக்கொண்டதாக அதில் ஒரு வடிவம் உண்டு. உலகத்து இன்விசிபிலிட்டி ஸ்பெல்லுக்கெல்லாம் எதிர்மந்திரம் தேடுகிறோம். இங்கே ஒரு பானைச் சுடுசோறு போதுமாக இருந்திருக்கிறது!

அந்தக் கதவின் முன் இன்றும் சத்தியம் செய்கிறார்கள். கடன், நிலம், திருட்டு என்று வாய்தாவுக்கு அலைய வசதியில்லாதவர்களின் வழக்குகள் அங்கே முடிகின்றன. பொய்ச் சத்தியம் செய்தவனைக் கருப்பு விடாது. வலிமை என்பது சொல்கிறவனின் லெவலில் இல்லை, சொல் உண்மையா என்பதில் இருக்கிறது. உங்கள் கேமில் டிசெப்ஷன் டைஸை உருட்டி எந்தப் பொய்யையும் சொல்லிவிடலாம். இந்தக் கதவின் முன் டைஸ் செல்லாது.

பில்லி சூனியத்தை நம்பச் சொல்லவில்லை. சூனியக்காரி என்று பட்டம் கட்டிப் பெண்களை அடித்துக் கொன்ற நாடு இது. நான் பேசுவது கற்பனையின் இலக்கணத்தை.

"நியாயத்தை எல்லாம் எப்படிங்க கோட் பண்றது?" என்று கேட்பீர்கள். 1985-இல் வந்த அல்டிமா ஃபோரில் வில்லனே கிடையாது. எட்டு அறங்களில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதுதான் விளையாட்டு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு முடிந்தது உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு முடியாதா? சாட்சிகளைத் தேடிச் சேர்க்கும் மந்திரவாதியை யோசியுங்கள். வழக்கு பொய்யென்றால் மந்திரம் ஏவியவர் மேலேயே திரும்பட்டும். ஒரு ஸ்பெல்லுக்கு உடம்பில் ஒன்றைக் கொடுத்தால் அது கடைசிவரை திரும்பி வராமல் போகட்டும். எவ்வளவு பயந்து விளையாடுவோம்!

மரபு சொன்னதை அப்படியே கும்பிடவும் வேண்டாம். அக்கினியிடம் கண்ணகி விட்டுவிடச் சொன்னது அந்தணர், அறவோர், பசு, பத்தினிகள், முதியோர், குழந்தைகள். தீயோரை மட்டும் எரி என்றாள். அந்த வரிசையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். அதில் பெயர் இல்லாத நெசவாளி என்ன ஆனான்? கணவனை இழந்து தெருவில் வாழ்ந்த பெண்ணை எந்தக் கணக்கில் வைத்தது நெருப்பு? மானா பார் வைத்த கண்ணகியிடம் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. பட்டனை அழுத்தினால் ஊர் எரியும், பாயின்ட் ஏறும்.

யாராவது அந்த கேமைச் செய்யுங்கள். அக்கினி என் முன்னால் வந்து நின்று, யாரை விடட்டும் என்று கேட்கட்டும். ஸ்க்ரீனில் பட்டியல் காலியாக இருக்கட்டும். நிரப்ப வேண்டியது நானாக இருக்கட்டும்.