தேவதைப் பட்டமும் நர்சுகளின் அதிகாரமும்

நர்சுகளைத் தேவதைகள் என்றும், கருணையே உருவானவர்கள் என்றும் புகழுவது இன்று உலகமெங்கும் ஒரு வழக்கமாய் விட்டது. வருஷந்தோறும் மே மாதம் 12-ந் தேதி கூட்டம் கூட்டி மாலையும் போடுகின்றார்கள். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் என்ன, அதிகாரம் என்ன என்று கேட்டால் மாத்திரம் பேச்சைக் காணோம். பெண்ணைத் தெய்வமாக்கி விட்டால் மனுஷிக்கு உரியதைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது மிகப் பழைய தந்திரமல்லவா?

உலக சுகாதார ஸ்தாபனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-ல் உலகத்திலிருந்த நர்சுகள் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர். இன்னும் 58 லட்சம் பேர் வேண்டியிருக்கின்றது. இருப்பவர்களிலும் 100-க்கு 78 பேர், உலக ஜனத்தொகையில் 100-க்கு 49 பேர் மாத்திரமே வசிக்கும் நாடுகளில் இருக்கின்றார்களாம். மீதிப் பாதி ஜனங்களுக்கு நோய் வராதென்று எந்தக் கடவுளாவது எழுதிக் கொடுத்திருக்கின்றாரா?

டாக்டர் எட்டிப் பார்க்காத இடத்தில் ஒரு நர்சு என்ன செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்த ஒரு கருப்பு அம்மையாரைச் சொல்லுவோம். அவர் பெயர் மாட் காலன். (நமது புராணக் காலன் உயிரைக் கொண்டு போகின்றவன், இந்தக் காலன் அம்மையாரோ நூற்றுக்கணக்கான உயிர்களை உலகத்திற்குக் கொண்டு வந்தவர்.) 1898-ல் புளோரிடாவில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, டாக்டரான மாமன் வீட்டில் வளர்ந்து, நர்சு வேலை படித்து, 1923-ல் தென் கரோலினாவின் பெர்க்லி ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தார். கிறிஸ்தவ சபையின் மூலம் வந்தவரை நீங்கள் புகழலாமா என்று சில தோழர்கள் நம்மைக் கேட்கக்கூடும். அவர் எந்த வண்டியில் வந்திறங்கினார் என்பது நமக்கு அக்கறையில்லை. இறங்கி என்ன செய்தார் என்பதே நமது கேள்வி.

அந்தக் காலத்தில் அங்கு வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம், கருப்பருக்கு ஒரு பள்ளிக்கூடம்; குடிக்கிற தண்ணீர்க் குழாயும் அப்படியே. ஆஸ்பத்திரியோ பல மைலுக்கு அப்பால். சுமார் 400 சதுர மைலில், சேற்றுப் பாதைகளுக்கு நடுவே, 10,000 ஜனங்களுக்கு இந்த அம்மையார் நின்றார். தன் வீட்டையே வைத்தியசாலை ஆக்கினார். பிரசவம் பார்ப்பார், அம்மை குத்துவார், பள்ளிப் பிள்ளைகளின் பல்லையும் கண்ணையும் சோதிப்பார்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாக நாம் மதிப்பது வேறொன்று. அப்பிரதேசத்துக் கருப்பு ஏழைகளுக்குப் பிரசவம் பார்த்து வந்தவர்கள் பெரும்பாலும் கருப்பு மருத்துவச்சிகளே. படித்த டாக்டர்களில் பலர் அவர்களை மூடர்கள் என்று தூற்றினார்கள். தூற்றினவர்கள் இரவில் எழுந்து அந்தக் குடிசைகளுக்குப் போனார்களா என்றால் அதுதான் இல்லை. காலன் அம்மையார் தூற்றவில்லை. அந்தப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்துச் சுத்தத்தையும் பிரசவ முறையையும் போதித்தார். தான் ஒருத்தி போதாது என்று கண்டு, அறிவைப் பலர் கையில் பங்கிட்டுக் கொடுத்தார். தலைமை என்று நாம் சொல்லுவது இதைத்தான். பிள்ளையை வாங்கிக் கொண்டு, பிரசவம் பார்த்த மருத்துவச்சியைத் தீட்டென்று வாசலோடு நிறுத்தின நம் நாட்டு ஆசாரக்காரர்களுக்கு இது புரிவது கொஞ்சம் கஷ்டந்தான்.

1951-ல் யூஜீன் ஸ்மித் என்பவர் அம்மையாரின் வேலையைப் படம் பிடித்து 'லைப்' பத்திரிகையில் வெளியிட்டார். பார்த்த வாசகர்கள் 20,000 டாலருக்கு மேல் அனுப்பினார்கள். 1953-ல் ஒரு வைத்தியசாலை எழுந்தது. நல்ல காரியமே. ஆனால் அவர் அங்கு வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. 1936 முதல் ஜில்லா சுகாதார இலாகாவிலும் வேலை பார்த்தார். சர்க்கார் செய்திருக்க வேண்டியதைப் படம் பார்த்து மனமிரங்கினவர்கள் செய்தார்கள். படம் பிடிக்கப்படாத நர்சுகளின் கதி என்ன?

இரக்கத்தை நம்பாமல் சட்டத்தின் மூலமே வழி செய்த தேசமும் உண்டு. தென் ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோய் ஜனங்களை வாரிக்கொண்டு போன காலத்தில், அதற்குரிய மருந்தை டாக்டர்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றிருந்தது. டாக்டரோ கிராமத்தில் இல்லை. வரிசையில் காத்திருந்தவர்கள் செத்தார்கள். 2010-ல் பயிற்சி பெற்ற நர்சுகளே மருந்தை ஆரம்பிக்கலாம் என்று சர்க்கார் அனுமதித்தது. நர்சு கொடுத்தால் ஆபத்து என்று பயந்தவர்களுக்கு, ப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் 31 வைத்திய நிலையங்களில் நடத்திய பரீட்சையின் முடிவு 2012-ல் பதில் சொல்லியது: டாக்டர் கவனித்ததை விட நர்சுகள் கவனித்ததில் மரணம் அதிகமாகவில்லை. இன்று அந்நாட்டில் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அம்மருந்தைச் சாப்பிட்டு உயிரோடிருக்கின்றார்கள்.

அப்படியானால் டாக்டரே வேண்டாமா என்று சிலர் குதிக்கலாம். கத்தி எடுக்க வேண்டிய இடத்தில் கத்தி எடுக்கத் தெரிந்தவர் வேண்டியதுதான். அவர் நூறு மைலுக்கு அப்பால் இருக்கும்போது, இங்கே இருப்பவளின் கையைக் கட்டிப் போடுவது யாருடைய உயிரைக் காப்பாற்ற? சுகாதார வேலை செய்பவர்களில் 100-க்கு 70 பேர் பெண்களாயிருந்தும், மேலான ஸ்தானங்களில் 100-க்கு 25 பேரே பெண்கள் என்று 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனமே கணக்குச் சொல்லிற்று. எனவே நர்சைப் புகழ்ந்து மேடையேறும் எவரையும் நாம் மூன்று கேள்வி கேட்கின்றோம். உங்கள் நர்சு தன் கையெழுத்தில் எந்தெந்த மருந்தைக் கொடுக்கலாம்? கிராமத்தில் தனியாய் இருக்கும் அவளுக்குப் பட்டணத்து நர்சை விடக் கூடுதல் சம்பளம் உண்டா? சுகாதாரப் பணத்தைப் பங்கிடும் கமிட்டியில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கின்றீர்களா?