இறங்க மறுக்கும் முள்

தவக்காலத்தின் ஒருசந்தியும் சுத்தபோசனமும் முடிந்து, பாஸ்கா விருந்தும் உண்டு ஓய்ந்தபின் பங்கு இல்லத்தை நாடி வருவோரின் வினாக்களுள் அண்மைக் காலமாகப் புதிய வினா ஒன்று சேர்ந்திருக்கிறது. அது திருமண ஓலையைப் பற்றியதன்று; கல்லறை நிலத்தைப் பற்றியதுமன்று. உடல் எடையைப் பற்றியது. "தொடக்கத்தில் நன்றாகக் குறைந்தது சாமி, இப்போது நின்றுவிட்டது" என்கின்றனர். பிறரிடம் சொல்ல நாணுவதைக் குருவிடம் சொல்வது நம் மக்களின் வழக்கம். பலவும் கேட்டுப் பழகிய செவி இதையும் கேட்டுக்கொள்கிறது.

இதனைச் சிறு செய்தி என்று தள்ளுவதற்கில்லை. அழகு கருதி எடையைக் குறைக்க முனைவோர் சிலரே. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், முழங்கால் வலி ஆகியவற்றின் பொருட்டு மருத்துவர் சொல்லி முனைவோரே நம் பங்குகளில் மிகுதி. சில திங்கள் முயன்றபின் எடைக்கருவியின் முள் ஓரிடத்தில் நின்றுவிட்டால் இவர்கள் மனம் உடைந்து போகின்றனர். சிலர் எல்லாவற்றையும் கைவிட்டுப் பழைய இலைக்கே திரும்பிவிடுகின்றனர். வேறு சிலரோ உணவை மேலும் மேலும் வெட்டிக் குறைத்து உடலோடு போர் தொடுக்கின்றனர். முன்னவரைவிடப் பின்னவரைக் குறித்தே எனக்கு அச்சம்.

ஐம்பது வயதை நெருங்கும் தாய் ஒருவர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர். பத்துக் கிலோ குறைக்குமாறு மருத்துவர் கூறியிருந்தார். ஆறு கிலோ குறைந்தது. பின்னர் ஏழு வாரங்கள் முள் அசையவில்லை. "நான் என்ன குறை வைத்தேன் சாமி? ஆண்டவர் என் ஒறுத்தலை ஏற்றுக்கொள்ளவில்லையோ?" என்று கண் கலங்கினார். முள்ளை அசைப்பதற்காக அவர் இரவு உணவை அறவே விட்டிருந்தார். மாத்திரையை மட்டும் விடவில்லை. விளைவு என்ன? ஒரு நாள் வைகறைத் திருப்பலியின்போது உடல் வியர்த்து, கை நடுங்கி, அருகிலிருந்தவர் தோளில் சாய்ந்துவிட்டார். அவருடைய நிலையை அறிந்திருந்த பெண்ணொருவர் சர்க்கரை நீர் புகட்டியதால் தீங்கின்றித் தெளிந்தார். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளுள் சில, உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் தம் வேலையைச் செய்துகொண்டே இருப்பவை. அவற்றை உண்போரும், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளை உணவையும் விடலாகாது. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு என்னும் ஒழுங்கும் நோயாளரையும் முதியோரையும் கட்டுப்படுத்துவதில்லை. தண்ணீரும் மருந்தும் யாருக்கும் அந்நோன்பை முறிப்பதில்லை. இது திருச்சபைச் சட்டத்திலேயே உள்ளது. இன்னும் பலர் இதனை அறியாதிருப்பது வருந்தத் தக்கது.

அந்தத் தாயின் வினாவில் இரு செய்திகள் பின்னிக் கிடந்தன. ஒறுத்தல் என்பது இறைவன்மீது கொண்ட அன்பால் ஒன்றை விட்டுக்கொடுப்பது. அதன் பலனைக் கிலோ கணக்கில் தேடுவது உண்டியலில் இட்ட காசுக்கு இரசீது கேட்பது போன்றது. எடைக் குறைப்போ மருத்துவம். ஒன்றின் தராசில் மற்றொன்றை வைத்து நிறுத்தால் இரண்டும் கெடும். முள் நின்றதற்குக் காரணம் ஆண்டவரின் சினமன்று. அவர் படைத்த உடல், படைத்தபடியே நடந்துகொள்வதுதான்.

முதல் இரண்டு வாரங்களில் எடை விரைந்து இறங்குவதற்குக் கொழுப்புக் கரைவது மட்டும் காரணமன்று. நம் கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்னும் பொருளாக மாற்றிச் சேமித்து வைக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் ஒட்டியிருக்கிறது. சோற்றைக் குறைத்ததும் உடல் முதலில் இச்சேமிப்பை எடுத்துச் செலவிடுகிறது. ஒட்டியிருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. முள் மடமடவென்று இறங்க, நாமும் மகிழ்ந்து போகின்றோம். கொழுப்போ மெல்லத்தான் கரையும். ஆகவே மூன்றாம் வாரத்தில் வேகம் தணிவதைத் தேக்கம் என்று கொள்வது தவறு.

உண்மையான தேக்கம் பெரும்பாலும் சில திங்கள் கழித்தே வருகிறது. வண்டியில் பாரம் குறைந்தால் மாட்டுக்குத் தீனியும் குறைவாகப் போதுமல்லவா? 80 கிலோ உடலைச் சுமந்து திரியத் தேவைப்பட்ட எரிபொருள் 72 கிலோ உடலுக்குத் தேவையில்லை. அதற்கு மேலும் உடல் தன் செலவைத் தானே சுருக்கிக்கொள்கிறது. நாமும் அறியாமலே குறைவாக எழுகிறோம், குறைவாக நடக்கிறோம். கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் குறைவதால் மூளை பசியைத் தூண்டிவிடுகிறது. 2016-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி வரை சுருங்குகிறது. பசியோ ஏறத்தாழ 100 கலோரி அளவுக்கு மிகுகிறது. ஆறு கிலோ குறைந்தவருக்கு நாள்தோறும் ஏறத்தாழ 600 கலோரிக்கான கூடுதல் பசி என்றால், அது 170 கிராம் அரிசியில் அடங்கும் ஆற்றலாகும். இத்தனை பசியையும் தாங்கிக்கொண்டு நிற்பவரை நோக்கி, "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று உற்றார் ஏளனம் செய்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

இவ்வுண்மை முதன்முதலில் விரிவாய்ப் புலனானது ஓர் அறச்செயலின் வழியாக என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு உணவளித்து மீட்பது என்பதை அறிய அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். மனச்சான்றின் பொருட்டுப் படைக்கலம் ஏந்த மறுத்த 36 இளைஞர் தாமே முன்வந்து அதற்குத் தம் உடலைக் கொடுத்தனர். அவருள் பலர் போரை ஏற்காத குவேக்கர், மென்னோனைட் முதலிய கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவர். 1945 பிப்ரவரி முதல் 24 வாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவே அவர்களுக்கு அளிக்கப்பட்டது. வாரந்தோறும் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அந்த இறக்கம் நேர்கோடாக இல்லை. தொடக்கத்தில் செங்குத்தாய் இறங்கி, முடிவில் ஏறத்தாழ மட்டமாகிவிட்டது. ஓய்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடு சுருங்கியிருந்தது. நாடித் துடிப்புத் தளர்ந்தது; கோடையிலும் குளிர்ந்தது; பேச்செல்லாம் உணவைப் பற்றியே ஆயிற்று; சிலர் சமையல் நூல்களைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தனர். கணுக்காலில் நீர் கோத்ததால், கரைந்த தசையும் கொழுப்பும் தராசில் முழுமையாகத் தெரியவில்லை. மீண்டும் வயிறார உண்டபோதோ, பசி தணியப் பல திங்கள் ஆயின. பலருக்குக் கொழுப்பு முன்பிருந்த அளவையும் தாண்டிற்று. உணவை வெட்டிக் குறைத்து முள்ளை அசைக்க எண்ணுவோர் இந்த இளைஞரை ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும்.

அவ்வாறாயின் செய்யத் தக்கது யாது? முள் நின்றவுடன் முதலில் ஐயுற வேண்டியது அளவைத்தான். தொடக்கத்தில் கரண்டியால் அளந்து ஊற்றிய எண்ணெய் மூன்றாம் திங்களில் கண்ணளவாகிவிடுகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 40 கலோரி. ஒரு மேசைக்கரண்டியில் 120. நாளொன்றுக்கு நான்கு முறை தேநீர், முறைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் அதுவே 130 முதல் 160 கலோரி. ஒரு கைப்பிடி வேர்க்கடலை ஏறத்தாழ 170. பிள்ளைகள் தட்டில் மீதம் வைத்ததை 'வீணாகுமே' என்று தாய்மார் வாயில் போட்டுக்கொள்வது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இது பாவமன்று, பழக்கம். ஒரு வாரம் உண்டது அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தால் பெரும்பாலோருக்குத் தேக்கத்தின் காரணம் பாதியேனும் அதிலேயே கிடைத்துவிடும்.

எழுதிப் பார்ப்பதை நமக்குக் கற்பித்தவர் ஊட்ட இயலாரல்லர், புனித இஞ்ஞாசியார். தம் ஆன்மப் பயிற்சிகளில் அவர் கூறும் தனி ஆய்வு முறையை எங்கள் குருமடத்தில் முதலாம் ஆண்டிலேயே பயிற்றுவித்தனர். திருத்த விரும்பும் ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, நாள்தோறும் கோடிட்டு, தவறியபோதெல்லாம் புள்ளி இட வேண்டும். நாளோடு நாளையும், வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட வேண்டும். எடையையும் இவ்வாறே பார்ப்பது நல்லது. வாரம் ஒருமுறை, காலைக்கடன் முடித்து, உண்ணுமுன், ஒரே கருவியில் நிறுத்து எழுதி, திங்களோடு திங்களை ஒப்பிடுக. நாள்தோறும் கருவியில் ஏறி இறங்குவோர் நீரின் ஏற்றத் தாழ்வையே நிறுக்கின்றனர். ஊறுகாயும் கருவாடும் உண்ட மறுநாள் எடை ஒரு கிலோ ஏறினால் அது கொழுப்பன்று. உப்புப் பிடித்து வைத்த நீர். மகளிருக்கு மாதவிலக்கை ஒட்டியும் அவ்வாறே நேரும். கருவியோடு இடுப்பை அளக்கும் நாடாவும் இருக்கட்டும். நம் நாட்டவருக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நலம் என்று மருத்துவர் வரையறுத்துள்ளனர். முள் நிற்கும்போதும் இடுப்பு சுருங்குவது உண்டு.

உணவைப் பற்றியும் இஞ்ஞாசியார் தனியே சில ஒழுங்குகளை எழுதியுள்ளார். அடுத்த வேளைக்கு எவ்வளவு உண்பது என்பதைப் பசியோடு இருக்கும்போது தீர்மானியாதே, உண்டு முடித்துப் பசியற்றிருக்கும்போது தீர்மானித்துக்கொள் என்பது அவற்றுள் ஒன்று. சமையலறையில் நிற்கும் இல்லத்தரசிக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுரையை நான் எந்த மருத்துவ ஏட்டிலும் கண்டதில்லை. மனம் வறண்டு சோர்ந்த வேளையில் முந்திய தீர்மானத்தை மாற்றலாகாது என்பது அவருடைய மற்றோர் ஒழுங்கு. முள் நின்ற நாளின் சலிப்பில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தீய முடிவே.

அவர் இதனை அனுபவித்து அறிந்தவர். 1522-இல் மன்ரேசாவில் கடும் நோன்பிருந்து வாழ்நாள் முழுதும் வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். பின்னாளில், பருத்த உடலினராய் இருந்து கடுநோன்பால் தம்மை வருத்திக்கொண்டிருந்த காந்தியாக் கோமகன் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு 1548-இல் எழுதிய மடலில், நோன்பைக் குறைத்து வயிற்றைப் பேணுமாறு அறிவுறுத்தினார். உடலும் இறைவனுடையதே என்பதால் அதற்கும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அந்தப் போர்ஜியாவே பின்னர் இயேசு சபையின் மூன்றாம் தலைவரானார், இன்று புனிதர்.

அளவு சரியாயிருந்தும் ஒரு திங்களுக்கு மேல் முள் அசையாவிட்டால், சிறிய மாற்றம் ஒன்று போதும். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அவ்விடத்தில் பருப்பு, பயறு, முட்டை, மீன் ஆகியவற்றுள் ஒன்றையும் காய்கறியையும் சேர்க்கலாம். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் இதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரைகிறது. தசை கரைந்தால் உடலின் செலவு மேலும் சுருங்கும். ஆதலால் நடப்பதோடு, நாற்காலியில் கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வது, நீர்க்குடம் தூக்குவது போன்ற தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். தைராய்டுக் குறைபாடும் சில மருந்துகளும் எடையைப் பிடித்து வைக்கக் கூடும்; அதை மருத்துவரே சோதித்தறிய வேண்டும். அண்மையில் வந்துள்ள எடை குறைக்கும் ஊசிகளிலும் ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின் இத்தேக்கம் வரவே செய்கிறது என்பதையும் அவற்றை நாடுவோர் அறிந்திருக்கட்டும்.

எல்லாம் செய்தும் அசையவில்லையா? நின்ற இடத்திலேயே நிற்பதும் எளிதன்று. மேலே காட்டிய பசிக் கணக்கின்படி பார்த்தால், குறைந்த ஆறு கிலோவையும் திரும்ப ஏறவிடாமல் காப்பவர் நாள்தோறும் வெற்றி பெறுகின்றார். சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. சர்க்கரை நோயின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கண்டனர். உணவையும் நடையையும் சீர்படுத்திக்கொண்டோருக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை. முள் காட்டாத நன்மை குருதியில் நிகழ்ந்துகொண்டிருந்தது.

இல்லத்தாருக்கும் ஒரு சொல். அம்மாவுக்கு மட்டும் தனிச் சட்டி, மற்றவர்க்கு வழக்கமான பொரியலும் அப்பளமும் என்றால் எந்தத் தாயும் நெடுநாள் தாங்க மாட்டார். கணவரும் பிள்ளைகளும் அதே பானையில் உண்டு, மாலையில் உடன் நடந்தால் தேக்கத்தைக் கடப்பது பெரிதும் எளிதாகும். நான் குறிப்பிட்ட அந்தத் தாயின் கணவர் இப்போது இரவு உணவுக்குப்பின் அவரோடு கோவிலைச் சுற்றி நடக்கிறார். மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இரவு உணவும் திரும்பிவிட்டது. முள் அரைக் கிலோ இறங்கியிருப்பதாகச் சொன்னார். அதைவிட, நடுக்கம் மீண்டும் வரவில்லை என்று அவர் சொன்னதே எனக்கு மகிழ்ச்சி.

வரும் திங்களில் பல பங்குகளில் திருவிழாக் கொடியேற்றம். பிரியாணி விருந்து நாளில் அளவோடு உண்ணுங்கள். உண்டதற்காக மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம். விருந்துக்குப் பின் மூன்று நாள் எடைக்கருவியின் பக்கம் போகாதிருங்கள்.