அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் இரவு



மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்று தேதி குறிக்கப்பட்டவுடன் செலவைக் குறித்தும் விடுப்பைக் குறித்தும் பேசுகிறோம். அன்றிரவு நோயாளி எப்படி உறங்குவாள் என்பதை ஒருவரும் பேசுவதில்லை. உற்றார் உறவினர் ஊரிலிருக்க, துணைக்கு ஒருவர் மாத்திரம் இருக்கும் நகரத்து மருத்துவமனையில் அந்த இரவு மிகவும் நீண்டது.

உறக்கத்தைக் கெடுப்பவற்றுள் முதலாவது வலி. மார்பிலும் அக்குளிலும் உள்ள காயம், அசையும்போதெல்லாம் எழுப்பிவிடும். மார்ஃபின் போன்ற மருந்துகள் கண்ணை மூடச் செய்தாலும், ஆழ்ந்த உறக்கத்தைக் குறைக்கின்றன, குமட்டலையும் உண்டாக்குகின்றன.

இங்கே உதவுவதே 'நெர்வ் பிளாக்' என்னும் ஊசி. மயக்க மருத்துவர் அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, மார்புக்குச் செல்லும் நரம்புகளின் அருகே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துகிறார். முதுகெலும்பின் ஓரத்தில் இடப்படும் பாராவெர்டிப்ரல் முறை பழையது. மார்புத் தசைகளுக்கு இடையே இடும் 'பெக்ஸ்' முறை 2011-இல் வெளியிடப்பட்டது. பெரும்பாலும் முழு மயக்கத்துடன் சேர்த்தே இதைக் கொடுப்பார்கள். பல மணி நேரம், சிலருக்கு ஏறத்தாழ ஒரு நாள், வலி தணிந்திருக்கும்; மார்ஃபின் தேவையும் குறையும்.

ஆயினும் இதற்கு எல்லை உண்டு. இந்த ஊசி போட்டால் நோய் திரும்ப வராது என்று யாரேனும் சொன்னால் நம்பாதிருங்கள். 2,108 பெண்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், பாராவெர்டிப்ரல் முறையால் நோய் திரும்புவது குறையவில்லை. வாரக்கணக்கில் நீடிக்கும் உறக்கமின்மைக்குப் பயம், ஹார்மோன் மாத்திரைகளால் வரும் உடற்சூடு போன்ற வேறு காரணங்களும் உண்டு. அவற்றை மருத்துவரிடம் தனியே சொல்லவேண்டும்.

ஆகவே, ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருத்துவரிடம், "எனக்கு நெர்வ் பிளாக் கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், முன்பு மரப்பு ஊசியால் ஒவ்வாமை கண்டவர்களும் அதை மறைக்காதீர்கள். ஊசிக்குப் பின் மூச்சுத்திணறலோ, காதில் இரைச்சலோ, உதட்டைச் சுற்றி மரப்போ உண்டானால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். மருந்தின் வேகம் நடு இரவில் தீர்ந்தால் வலி திடீரென்று தாக்கும். எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை அதற்கு முன்னரே, உரிய வேளையில் சாப்பிடுங்கள். கையின் கீழே சிறு தலையணை வைத்துக்கொண்டால் இதமாயிருக்கும். தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

கணவன்மாரே, "பரவாயில்லை" என்று அவள் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். "இரவு எத்தனை தடவை விழித்தாய்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.