நெஞ்சுரம் தூக்கத்துக்கு ஈடாகாது

இலங்கை அரசாங்க மருத்துவமனைகளில் தாதியரின் கடமை நேரம் பொதுவாக மூன்றாகப் பிரியும்: காலை 7 முதல் பகல் 1 வரை, 1 முதல் மாலை 7 வரை, பிறகு விடியும்வரை 12 மணி நேர இரவுக் கடமை. மலையகத்தில் இந்த இரவுகளைப் பற்றிப் பேச்செழுந்தால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: மனவுறுதி உள்ளவருக்குத் தூக்கமின்மை பொருட்டல்ல, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்குக் கஷ்டம் புதிதுமல்ல. பாராட்டுப் போலத் தொனிக்கும் இந்தக் கூற்று தாதியருக்கும் நோயாளிக்கும் கேடு செய்கிறது.

உடம்பு பழகிக்கொள்ளும் என்பது இதன் அடிப்படை. உடலின் கடிகாரத்தைத் திருத்துவது வெளிச்சம். கடமை முடிந்து காலை 7 மணி வெயிலில் வெளியே வருபவரின் கடிகாரம் மறுபடியும் பகலுக்கே திரும்பிவிடும். விடியற்காலை 4, 5 மணியளவில் உடல் வெப்பம் தாழ்ந்து, விழிப்பும் மிகக் குறைகிறது. எத்தனை வருட அனுபவமும் இதை மாற்றுவது அரிது. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 14 நாள் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவுகள் வரை கண்விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்தது. தாங்கள் இவ்வளவு தளர்ந்திருப்பதை அவர்களில் பெரும்பாலோர் உணரவில்லை. ஆகவே, “எனக்குப் பழகிவிட்டது” என்று ஒருவர் மனதாரச் சொன்னாலும் அது சான்றாகாது.

மலைநாட்டுக் குளிரில் நன்றாகத் தூங்கலாம் என்பார்கள். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் இரவுக் குளிர் தூக்கத்துக்கு உகந்ததுதான். ஆனால் அந்நேரம் தாதி நோயாளர் விடுதியில் நிற்கிறார். அவர் தூங்க வேண்டியது பகலில். வீடு தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் என்றால், தகரக் கூரையும் ஒற்றைச் சுவரும் பக்கத்துக் காம்பிராவின் வானொலியையும், பீலியடியில் குடங்கள் மோதும் சத்தத்தையும், பிள்ளைகளின் ஓட்டத்தையும் தடுப்பதில்லை. சமையலும் அவருக்காகக் காத்திருக்கும்.

மனவுறுதி அதிகமுள்ள தாதியர் நன்றாகத் தூங்குவதாகப் பல நாட்டுக் கணக்கெடுப்புகள் காட்டுவது உண்மை. எனினும் ஒரே தடவை கேட்டெழுதிய பதில்களிலிருந்து எது காரணம், எது விளைவு என்று தெரியாது. தூக்கம் இழந்தவரின் மூளையில் அச்சத்தையும் பதற்றத்தையும் கிளப்பும் பகுதி வழக்கத்தைவிட வலுவாகத் தூண்டப்படுவதை 2007ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. உறுதியைத் தாங்குவதில் தூக்கத்துக்கும் பங்குண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த எமி வெர்னரின் ஆய்விலும், வறுமையை மீறி நிமிர்ந்தவர்களுக்குப் பின்னால் நம்பிக்கையான ஒரு பெரியவரின் துணை இருந்தது. தனியே தாங்கிய நெஞ்சுரம் அல்ல அது.

எனவே மனவுறுதிப் பயிற்சி மட்டும் போதும் என்பதும் நிற்காது. தாதியரின் இரண்டு கடமைகளுக்கு இடையே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டுமென்று சர்வதேச தொழில் அமைப்பு 1977இலேயே பரிந்துரைத்தது. பகல் 1 மணிக்கு விடுவிக்கப்பட்டவரை மாலை 7 மணிக்கு மீண்டும் அழைத்தால் கிடைப்பது 6 மணி நேரம். மாலைக் கடமையோடு இரவையும் இணைத்தால் ஒன்றுமில்லை, தொடர்ந்து 18 மணி நேர வேலை. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவருடையதை ஒத்திருப்பதாக 1997இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஊசிமருந்தின் அளவைக் கணக்கிடுவது அந்தக் கைதான். கடமைப் பட்டியலில் இத்தகைய இணைப்புகளைத் தவிர்ப்பது, இரவில் முறைவைத்துச் சிறிது கண்ணயர இடம் தருவது, லயத்துக்குத் திரும்புபவர்களுக்கு மருத்துவமனையிலேயே இருட்டான, அமைதியான ஓர் அறை ஒதுக்குவது ஆகியவை நிர்வாகம் செய்ய வேண்டியவை.