கின்ஷாசாவில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை

ஹெவிவெயிட் பட்டப் போட்டி ஒன்று நெருங்கும்போது, யார் ஜெயிப்பார் என்ற பேச்சு எப்படியும் கின்ஷாசாவுக்கு வந்துவிடும். வாய்ப்புக் குறைந்த வீரருக்காகப் பரிந்து பேசுகிறவர், கைவசமிருந்த காரணங்கள் தீர்ந்ததும் இதைத்தான் எடுப்பார். "அலி ஜெயிப்பார்னு அன்னைக்கு யாராவது சொன்னாங்களா? பாக்ஸிங்ல எதுவும் நடக்கலாம்." எதிரில் இருப்பவரும் சரியென்று தலையாட்டிவிடுவார். 1974 அக்டோபர் 30, விடியற்காலை நான்கு மணி, அன்றைய ஜயர் நாட்டின் தலைநகர். நாற்பது போட்டிகளில் தோற்காத ஜார்ஜ் ஃபோர்மேனை முகமது அலி எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். யாராலும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாத அதிசயம் என்றும், கயிற்றில் சாய்ந்து அடிவாங்கிய ஒரு தந்திரத்தோடு நல்ல நேரமும் சேர்ந்துகொண்டது என்றும் ஐம்பது ஆண்டுகளாகக் கதை சொல்லப்படுகிறது.

அந்தக் கதையை நான் ஏற்கவில்லை. அலியின் ஆட்டத்துக்கு அது செய்யும் அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கதையை நம்பியதால் பின்னாளில் ஒரு மனிதர் அடிபட்டார். ஆகவே அதை வரிக்கு வரி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அன்று ஃபோர்மேன்தான் ஜெயிப்பார் என்று சொன்னவர்களிடம் ஒரு கூட்டல் கழித்தல் இருந்தது. ஜோ ஃப்ரேசியர் 1971-இல் அலியை வென்றவர். கென் நார்ட்டன் 1973 மார்ச்சில் அலியின் தாடையை உடைத்து வென்றவர். ஃபோர்மேனோ 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை தரையில் விழவைத்தார். 1974 மார்ச்சில் கராகஸில் நார்ட்டனையும் இரண்டாம் ரவுண்டிலேயே முடித்தார். அலியை வென்ற இருவரையும் நொறுக்கியவர் அலியையும் நொறுக்குவார் என்பது அவர்கள் வாதம்.

இந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்று தேட வேண்டியதே இல்லை. கிங்ஸ்டனிலேயே உடைந்துவிட்டது. அலியை வென்றவர், தோல்வியே காணாதவர் என்பதால் அன்று பந்தயம் கட்டியவர்களில் பெரும்பாலோர் ஃப்ரேசியர் பக்கம்தான் நின்றார்கள். அந்தக் கணிப்பு இரண்டு ரவுண்டுகூடத் தாங்கவில்லை. பொய்த்துப்போன அதே தர்க்கத்தைத்தான் அடுத்த ஆண்டு ஃபோர்மேனுக்குச் சாதகமாகத் திருப்பிப் போட்டார்கள்.

குத்துச்சண்டையில் வலிமை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அப்படிக் கைமாறுவதில்லை. ஃப்ரேசியர் குனிந்து, தலையை ஆட்டிக்கொண்டு நேராக முன்னே வருபவர். கீழிருந்து மேலே எழும் ஃபோர்மேனின் அப்பர்கட்டுக்கு அதைவிட வசதியான இலக்கு கிடைக்காது. நார்ட்டனுக்குப் பின்வாங்கிக்கொண்டே ஆடத் தெரியாது. பலமாகக் குத்துபவர்கள் அவரை நெருக்கினால் நிலைகுலைவார். 1979-இல் எர்னி ஷேவர்ஸும் 1981-இல் ஜெர்ரி கூனியும் அவரை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தியது அந்தக் குறையைத்தான் காட்டியது. அலி உயரமானவர். நிமிர்ந்து நின்று, குத்து வரும்போது தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாங்குபவர். எதிராளி நெருங்கினால் பிடரியில் கைபோட்டு அழுத்துபவர். ஃபோர்மேனுக்கு வாகாக இருந்த எதுவும் அவரிடம் இல்லை.

இன்னொன்றையும் அவர்கள் வசதியாக விட்டுவிட்டார்கள். தன்னை வென்ற இருவரையும் அலி கின்ஷாசாவுக்கு முன்பே திரும்ப வென்றிருந்தார். நார்ட்டனை 1973 செப்டம்பரில், ஃப்ரேசியரை 1974 ஜனவரியில்.

அடுத்து ஃபோர்மேனின் குத்து. நாற்பது வெற்றிகளில் முப்பத்தேழு நாக் அவுட் என்பது பயமுறுத்தும் எண்தான். 1972 முதல் அவர் ஆடிய எட்டுப் போட்டிகளில் ஒன்றுகூட இரண்டாம் ரவுண்டைத் தாண்டவில்லை. இதை எல்லோரும் அவருடைய பலத்துக்கு அத்தாட்சியாகப் படித்தார்கள். எனக்கு அது ஒரு பெரிய கேள்வியாகத் தெரிகிறது: ஆறாவது ரவுண்டில் இந்த மனிதர் என்ன செய்வார்?

கின்ஷாசாவுக்கு முன் அலி ஆடிய கடைசி ஐந்து போட்டிகளைப் பாருங்கள். ஜோ பக்னர், நார்ட்டன் இரண்டு முறை, ஜகார்த்தாவில் ரூடி லுபர்ஸ், பிறகு ஃப்ரேசியர். 1973 பிப்ரவரியிலிருந்து 1974 ஜனவரிக்குள் நடந்த இந்த ஐந்தும் முழுதாகப் பன்னிரண்டு ரவுண்டு போனவை. ஆக அறுபது ரவுண்டு. ஃபோர்மேன் தன் கடைசி எட்டுப் போட்டிகளில் ஆடியது எல்லாம் சேர்த்துப் பதினைந்து ரவுண்டுகூட முழுதாகத் தேறாது. கின்ஷாசாவில் குறிக்கப்பட்டிருந்ததோ பதினைந்து ரவுண்டுப் போட்டி, அதுவும் வெக்கையில். அலியால் விரைவாக முடிக்க முடியவில்லை, கிழடு தட்டிவிட்டது என்று அந்த அறுபது ரவுண்டையும் அவருக்கு எதிராகவே எழுதினார்கள். நெடுந்தூரம் ஓடிப் பழகியவர் யார் என்று பார்க்க வேண்டிய இடத்தில், யார் வேகமாகப் புறப்படுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாக் அவுட் ஆகாத அந்த மூன்று வெற்றிகளிலும் ஒரு தடயம் இருந்தது. 1970-இல் நியூயார்க்கில் கிரெகோரியோ பெரால்ட்டா என்ற அர்ஜென்டினா வீரர் ஃபோர்மேனுக்கு எதிராகப் பத்து ரவுண்டும் நின்றார். முப்பத்தைந்தை நெருங்கியவர், எடையில் ஃபோர்மேனைவிடச் சிறியவர். அடுத்த ஆண்டு மறுபடி மோதியபோதும் பத்தாவது ரவுண்டு வரை போனார். பெரிய பெயர் இல்லாத, ஆனால் அனுபவம் நிறைந்த ஒருவர் நகர்ந்தும் குத்துகளை ஏமாற்றியும் ஃபோர்மேனை அத்தனை தூரம் இழுக்க முடிந்தது என்றால், அதே வேலையை அலி எவ்வளவு நன்றாகச் செய்வார்? இதை யோசிக்க ஜோசியம் தேவையில்லை. பழைய முடிவுகள் அச்சான பட்டியல் போதும்.

அலி இப்படிப்பட்ட எதிராளியைப் பார்த்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1964 பிப்ரவரியில் மயாமி பீச்சில் அவர் முன் நின்ற சன்னி லிஸ்டனும், ஃப்ளாய்ட் பேட்டர்சனை இரண்டு முறை முதல் ரவுண்டிலேயே வீழ்த்திவிட்டு வந்த அசுரபலசாலி. அன்று கருத்துக் கேட்கப்பட்ட 46 விளையாட்டு எழுத்தாளர்களில் 43 பேர் லிஸ்டனைத்தான் சொன்னார்கள். ஆறு ரவுண்டு முடிந்ததும் லிஸ்டன் முக்காலியை விட்டு எழவில்லை. ஃபோர்மேன் அந்த லிஸ்டனோடு ஸ்பாரிங் செய்து வளர்ந்தவர், ஆட்டமும் அதே அச்சு. பத்து ஆண்டு கழித்து அதே கேள்வித்தாள் வந்தபோது அதே தவறான விடையை எழுதினார்கள்.

வயதைப் பற்றி நீட்ட வேண்டாம். அலிக்கு 32, ஃபோர்மேனுக்கு 25. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் மூன்றரை ஆண்டு மேடையேற விடாமல் தடுக்கப்பட்ட அலியின் கால்கள் பழைய வேகத்தை இழந்திருந்தன. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகம் போனவரிடம் எல்லாமே போய்விட்டது என்ற வாதத்துக்குக் கடைசி பதிலைச் சொன்னவர் ஃபோர்மேனே. 1994 நவம்பரில், 45 வயதில், மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி மீண்டும் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அன்று அவர் மூலையில் நின்றவர்களில் ஒருவர், கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்ற ஆஞ்செலோ டண்டீ.

இப்போது கயிற்றுக் கதைக்கு வருவோம். கயிறுகளை வேண்டுமென்றே தளர்த்தினார்கள், அந்தத் தளர்வில் சாய்ந்து அலி அடிவாங்கிக்கொண்டே இருந்தார், எதிராளி களைத்ததும் ஒரு குத்து விழுந்தது என்பார்கள். கயிற்றைத் தளர்த்தியதாகச் சொல்வதை டண்டீ கடைசிவரை மறுத்தார். வெயிலில் தொய்ந்திருந்த கயிறுகளை இறுக்கத்தான் முயன்றதாகச் சொன்னார். அதை நம்பாவிட்டாலும் போகட்டும், நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். முதல் ரவுண்டில் அலி கயிற்றுப் பக்கம் ஒதுங்கவில்லை. இடது ஜாபால் வழி திறக்காமல், வலது கையையே நேராக முதலில் வீசி ஃபோர்மேனின் முகத்தில் திரும்பத் திரும்ப அடித்தார். ஒரு சாம்பியனுக்கு எதிராக வலது கையை முன்னே அனுப்புவது பெரும் துணிச்சல்; அது எதிராளியைவிடத் தன் கை வேகமானது என்று தெரிந்தவர் மட்டும் செய்யக்கூடியது. கயிற்றில் சாய்ந்த பிறகும் கைகளாலும் முழங்கைகளாலும் தடுத்து, ஒவ்வொரு ரவுண்டின் கடைசியிலும் திருப்பி அடித்தார். எட்டாவது ரவுண்டு முடிய இரண்டு விநாடி இருக்கையில் போட்டி நின்றபோது மூன்று நடுவர்களின் அட்டையிலும் அலிதான் முன்னணியில் இருந்தார். தோற்றுக்கொண்டிருந்தவருக்குக் கிடைத்த ஒற்றைக் குத்து என்ற பேச்சு அந்த அட்டைகளின் முன் நிற்காது.

தட்பவெப்பம் இருவருக்கும் ஒன்றுதான். ஸ்பாரிங்கில் ஃபோர்மேனுக்குக் கண்ணுக்கு மேல் வெட்டுப்பட்டதால் செப்டம்பர் மாதப் போட்டி ஐந்து வாரம் தள்ளிப்போனது. காயம் ஆறும்வரை அவர் ஸ்பாரிங் செய்ய முடியாமல் இருந்தார். கணித்தவர்களுக்கு இதுவும் தெரிந்திருந்தது. பெரும்பாலோர் கணிப்பை மாற்றவில்லை.

என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி ஒன்று இருக்கிறது. முடிவு தெரிந்த பிறகு காரணம் அடுக்குவது யாருக்கும் எளிது. அன்றைக்கு நீ இருந்திருந்தால் அலி என்று சொல்லியிருப்பாயா? நியாயமான கேள்வி. அலி கயிற்றில் சாய்வார் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். நடனமாடப்போவதாக அலியே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படி ஜெயிப்பார் என்பதைக் கணிப்பது வேறு, ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைக் கணிப்பது வேறு. மேலே சொன்ன தகவல்களில் பின்னாளில் தெரிய வந்தவற்றைத் தள்ளிவிட்டாலும் லிஸ்டன், பெரால்ட்டா, அறுபது ரவுண்டு, இரண்டு பழிதீர்ப்புகள் எல்லாமே மணி அடிப்பதற்கு முன் தாளில் இருந்தவை. அவற்றைப் படித்தவர் சரிக்குச் சரியான போட்டி என்றாவது சொல்லியிருக்க வேண்டும். அலியின் உயிருக்கே ஆபத்து என்று எழுதிய அளவுக்குப் போயிருக்கத் தேவையில்லை.

உண்மையிலேயே யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத முடிவுகள் குத்துச்சண்டையில் உண்டு. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் மைக் டைசனைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தியது அப்படிப்பட்டது. லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட விடுதி மட்டும்தான் அதற்குப் பந்தயம் வாங்கியது, அதுவும் நாற்பத்திரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். டக்ளஸின் பழைய ஆட்டங்களில் அன்றைய ஆட்டத்துக்கான அறிகுறி மிகக் குறைவு. கின்ஷாசாவையும் டோக்கியோவையும் ஒரே கூடையில் போடுகிறவர் இரண்டையும் புரிந்துகொள்ளவில்லை.

இது வெறும் வரலாற்றுச் சண்டை என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1980-இன் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். ஊரே திரண்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் அவர் லாரி ஹோம்ஸுக்கு எதிராக மீண்டும் பட்டத்துக்கு இறங்கினார். வயது 38. இளைத்த உடம்பையும் சாயமிட்ட முடியையும் பார்த்தவர்கள் பழைய அலி திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த இளைப்புக்குப் பின்னால் தைராய்டு மாத்திரை இருந்தது. அலியால் முடியாது என்று கின்ஷாசாவுக்கு முன்பும் இப்படித்தான் பேசினார்கள், அன்று என்ன ஆயிற்று என்ற ஒரே பதில் எல்லாச் சந்தேகத்தையும் வாயடைத்தது. 1977-லேயே அலி நிறுத்த வேண்டும் என்று வற்புறுத்தி, கேட்காததால் விலகிப்போன மருத்துவர் ஃபெர்டி பச்சேகோவின் எச்சரிக்கையும் எடுபடவில்லை. மேயோ கிளினிக்கில் பரிசோதனை நடந்தது. நெவாடா ஆணையம் உரிமம் கொடுத்தது.

ஃபோர்மேனைப் பற்றி 1974-இல் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையே 1980-இல் அலியைப் பற்றிக் கேட்டிருந்தால் போதும். கடைசியாக எப்போது ஆடினார்? இரண்டு ஆண்டுகளுக்கு முன். எதிராளி எப்படிப்பட்டவர்? 30 வயது, 35 போட்டிகளில் தோல்வி இல்லை, ஒருகாலத்தில் அலிக்கே ஸ்பாரிங் துணையாக இருந்து அவர் ஆட்டம் முழுதையும் அறிந்தவர். அலியின் கால்கள்? கைகள்? அதற்கு முந்தைய சில ஆண்டுகளின் ஆட்டப் படங்களைப் பார்த்த எவருக்கும் தெரியும். பத்து ரவுண்டு அடி விழுந்தது. ஒரு நடுவரும் ஒரு ரவுண்டைக்கூட அலிக்குக் கொடுக்கவில்லை. பத்தாவது முடிந்ததும் டண்டீதான் போட்டியை நிறுத்தச் சொன்னார். அதன் பிறகும் 1981 டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்கோடு இன்னொரு பத்து ரவுண்டுக்கு அலியை இறக்கினார்கள். அப்போது அவருக்கு 39 வயது.