ஒரு பிளாஸ்டிக் லாக்கும் பன்னிரண்டாயிரம் ரூபாயும்

போன மாதம் பௌர்ணமிக்கு முதல் நாள் நடந்த கதை இது. எங்க சித்தப்பா சொந்தமா ஒரு சின்ன பெட்ரோல் கார் வெச்சு டாக்சி ஓட்டுறார். கிரிவலத்துக்கு வந்த நாலு பேரைத் திண்டிவனத்தில் ஏற்றிக்கொண்டு வரும்போது, கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் வண்டி உதற ஆரம்பித்துவிட்டது. ஆக்சிலேட்டர் மிதித்தாலும் இழுவை இல்லை. மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு வேறு. எப்படியோ உருட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

திருவண்ணாமலையில் டாக்சி ஓட்டுகிறவர்களுக்குப் பௌர்ணமி என்றால் என்னவென்று நம்ம ஊர் நண்பர்களுக்குத் தெரியும். சித்தப்பா வண்டிக்கு டியூ கட்டுவதே அந்த ரெண்டு நாள் ஓட்டத்தில்தான்.

ஒர்க்‌ஷாப்பில் பார்த்தார்கள். இரண்டாவது சிலிண்டர் இக்னிஷன் காயிலில் மாட்டுகிற கனெக்டரின் லாக் உடைந்திருந்தது. அவ்வளவுதான்! சுண்டுவிரல் நகம் அளவு பிளாஸ்டிக். ஆனால் அவர்கள் சொன்ன பதில்: "கனெக்டர் தனியா வராது சார், ஒயரிங் செட்டோடதான் வரும். பன்னிரண்டாயிரம் ஆகும், நாலு நாள் ஆகும்." சித்தப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த லாக் உடைந்தால் ஏன் வண்டி உதறுகிறது? காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. முதல் சுற்றில் 12 வோல்ட் பேட்டரி கரன்ட் பாய்ந்து காந்தப்புலம் உருவாகிறது. அந்தக் கரன்டைச் சட்டென்று நிறுத்தும்போது புலம் சரிந்து, இன்னொரு சுற்றில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலே எகிறுகிறது. பிளக்கில் பொறி பறப்பது அப்படித்தான். 1831ல் ஃபாரடே கண்டுபிடித்த அதே மின்தூண்டல்தான். இன்ஜின் 2400 ஆர்.பி.எம்.மில் ஓடினால் ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 20 தடவை பொறி விட வேண்டும். லாக் இல்லாத கனெக்டர் அதிர்வில் லேசாக நழுவினாலும் போதும், அந்த சிலிண்டர் படுத்துவிடும். மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு பலம் காலி. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். அதனால் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விடவும் முடியாது.

கடைசியில் உதவியது அவலூர்பேட்டை ரோட்டில் இருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன். முதலில் ஒன்றாவது, இரண்டாவது காயில்களை இடம் மாற்றி மாட்டினார். அப்போதும் இரண்டாவது சிலிண்டர்தான் மிஸ் ஆனது. "காயில் நல்லா இருக்கு தம்பி, கோளாறு இந்தப் பக்கம்" என்றார். கனெக்டரைக் கையால் அழுத்தியதும் இன்ஜின் சீரானது. (நீங்கள் முயற்சி செய்யாதீர்கள், ஓடும் இன்ஜினில் காயில் பக்கம் கை வைத்தால் ஷாக் அடிக்கும்!) அப்போதைக்குக் கனெக்டரையும் காயிலையும் சேர்த்து ஒரு கேபிள் டை போட்டு இறுக்கினார். பௌர்ணமி ஓட்டம் பிழைத்தது.

"இது ரெண்டு நாளைக்குத்தான், அப்புறம் ஒழுங்கா மாத்திடணும்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் சென்னை ஜி.பி. ரோட்டில் அதே வடிவத்தில் ஒயரோடு கூடிய கனெக்டர் கிடைத்தது, 180 ரூபாய். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஒயராக வெட்டி இணைத்தார். நிறத்தை நம்பாமல் எந்த ஓட்டையில் எந்த ஒயர் என்று பார்த்து இணைத்தார். இணைப்புகள் ஒரே இடத்தில் வராமல் முன்னே பின்னே வைத்தார், ஒன்றோடொன்று உரசாது. ஈயம் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டார். முறுக்கி டேப் சுற்றும் வேலை இல்லை. முக்கால் மணி நேரம்.

இனி என் கருத்து. கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தெரியாதவர் வெட்டி ஒட்டினால் இணைப்பு சூடாகி ஒயர் கருகலாம். ஏர்பேக், பிரேக் ஒயர்களில் யாரும் இப்படிக் கை வைக்கவே கூடாது. ஆனால் அதற்குத் தீர்வு சரியான கனெக்டரையும், மாற்றும் முறையையும் வெளியே கொடுப்பதுதானே? இன்ஜின் சூட்டில் வருடக்கணக்கில் வேகும் பிளாஸ்டிக் ஒருநாள் நொறுங்கும் என்று செய்தவர்களுக்கே தெரியும். நொறுங்கும் பொருளைத் தனியாக விற்காமல் மொத்த ஒயரிங்கையும் வாங்கு என்பது, சட்டைப் பித்தான் அறுந்ததற்குப் புதுச் சட்டை வாங்கச் சொல்வது போல.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012லேயே கார் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் போட்டது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காகக் குழு அமைத்தது; அதன் பட்டியலில் வாகனங்களும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கினார்கள். நல்ல ஆரம்பம்தான். ஆனால் 180 ரூபாய் கனெக்டருக்கும் பாகம் எண் போட்டு, அவலூர்பேட்டை ரோடு வரை கிடைக்கச் செய்தால்தான் அந்த உரிமை சித்தப்பாவைப் போன்றவர்களுக்கு வந்து சேரும்.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த லாக் தானாக உடையவில்லை. முன்பு பிளக் மாற்றிய யாரோ, நாக்கை அழுத்தி எடுக்காமல் ஸ்குரூடிரைவரால் நெம்பியிருக்கிறார்கள். ஃபாரடே விதியை எழுதி பத்து மார்க் வாங்குகிற நானும் அன்று வரை ஒரு கனெக்டரை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல்தான் இருந்தேன். நம் லேபில் இதை ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நீங்களே சொல்லுங்கள்.