மூச்சுக்கு மார்க் போடும் மென்பொருள்



லேபில் மீட்டர் காட்டிய எண்ணை மட்டும் ரெக்கார்டில் எழுதி நீட்டினால் நம் சார் விடுவாரா? "ரேஞ்ச் என்ன? ஜீரோ எரர் பார்த்தியா?" என்று ஆரம்பித்துவிடுவார். அதே கேள்விகளை ஆஸ்பத்திரிக் கருவியிடமும் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாயில் அழற்சி இருக்கிறதா என்று அறிய, அவர் வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு என்று அளக்கிறார்கள். மனித மூச்சில் இந்த வாயு இருப்பதை 1991-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். ஆஸ்துமாக்காரர்களிடம் அது அதிகம் என்பது 1993-ல் வெளியானது. விநாடிக்கு 50 மில்லி லிட்டர் என்ற ஒரே சீரான வேகத்தில், பெரியவர்கள் சுமார் 10 விநாடி ஊத வேண்டும். விடை பி.பி.பி. கணக்கில் வரும், அதாவது நூறு கோடியில் எத்தனை பங்கு! அமெரிக்கன் தொராசிக் சொசைட்டியின் 2011 நெறிமுறைப்படி, பெரியவர்களுக்கு 25-க்குக் கீழே குறைவு, 50-க்கு மேலே அதிகம். சிறுவர்களுக்கு 20, 35. இடையில் வந்தால் மற்ற விவரங்களோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த எண்ணுக்குப் பொருள் சொல்லி டாக்டருக்கு உதவ மென்பொருள்கள் வந்திருக்கின்றன. வரட்டும், நல்லதுதான். வாசலில் கூட்டம் நிற்கும்போது டாக்டருக்கும் ஒரு துணை வேண்டாமா? ஆனால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கினால் அது துணையாகாது.

எங்கப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். முப்பது வருஷமாகப் பீடி. போன வருஷம் டவுனில் ஒரு முகாமில் ஊதிப் பார்த்தார். 17 வந்தது, பச்சை. "வீக்கம் ஒண்ணுமில்ல பெரியவரே, போயிட்டு வாங்க" என்றார்கள். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். வெளியே வந்ததும் வராததுமாக ஒரு பீடியைப் பற்ற வைத்தார். நான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெயர், வயது, எண், அவ்வளவுதான். அன்று ராத்திரியும் அவர் திண்ணையில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார்.

புகை பிடிப்பவர்களுக்கு இந்த அளவு குறைந்தே காட்டும். இது ரகசியமில்லை, நெறிமுறையிலேயே இருக்கிறது. உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து எடுத்தாலும் இறங்கும். மூக்கு அலர்ஜி இருந்தால் ஏறும். கீரை, பீட்ரூட் சாப்பிட்டுவிட்டு வந்து ஊதினால்கூட ஏறும்! போதாக்குறைக்கு, எல்லா வகை ஆஸ்துமாவிலும் இந்த வாயு கூடுவதுமில்லை. அப்படியிருக்க 17 என்றால் பச்சை என்று போட கம்ப்யூட்டர் எதற்கு? ஒரு இஃப், ஒரு எல்ஸ்; முதலாண்டு மாணவன் எழுதிவிடுவான்.

இந்த விவரங்களை நிரப்பாமல் விடையைத் திறக்காத மென்பொருள்தான் நமக்கு வேண்டும். விடைக்குப் பக்கத்திலேயே "புகைப்பழக்கம் உள்ளவர், குறைந்த அளவை நம்பி அழற்சி இல்லை என முடிவு செய்ய வேண்டாம்" என்று காரணத்தையும் காட்ட வேண்டும். முடிவு டாக்டருடையது. கேள்விகள் கூடினால் நேரமாகும் என்பார்கள். நாலு கேள்விக்கு ஒரு நிமிஷம் ஆகுமா?

அந்தக் கேள்விகளும் எங்க ஊர்ப் பேச்சில் இருக்கட்டும். "ஸ்மோக்கிங் உண்டா?" என்றால் அப்பாவுக்குப் புரியாது. "சிகரெட் பிடிப்பீங்களா?" என்றால் இல்லை என்றுதான் சொல்வார். "பீடி ஒரு நாளைக்கு எத்தனை கட்டு?" என்று கேட்டுப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.